இட்டர்பி சுரங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பில் எஃப் தொகுதித் தனிமங்களை நடத்தும்போது ஆண்டு தவறாமல் யாராவது ஒரு மாணவர் எழுந்து கேட்பார்: "ஐயா, இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் எல்லாம் ஏன் ஒரே மாதிரி ஒலிக்கின்றன?" நான்கும் ஸ்வீடனின் இட்டர்பி என்ற ஒரே ஊரின் பெயரிலிருந்து வந்தவை என்று சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அதற்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு ஒரு பாடவேளை போதாது. அப்படி ஆண்டுக்கணக்கில் என்னிடம் வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் தேடிப் படித்துச் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இட்டர்பி எங்கே இருக்கிறது?

ஸ்வீடனில். தலைநகர் ஸ்டாக்ஹோமுக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், ரேசாரோ என்ற தீவில் இருக்கிறது. வாக்ஸ்ஹோம் நகராட்சிக்கு உட்பட்ட பகுதி. தீவு என்றாலும் பாலம் உண்டு. சாலை வழியாகவே போய்விடலாம். 'இட்டர்' என்றால் ஸ்வீடிஷ் மொழியில் வெளிப்புறம், 'பி' என்றால் ஊர். நம் பக்கத்துப் புறஞ்சேரி மாதிரியான பெயர்தான். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'யிட்டெர்பை' என்று சிலர் படிக்கிறார்கள். ஸ்வீடன்காரர் வாயில் அது 'இட்டர்பி' என்பதற்கு மிக அருகில் ஒலிக்கும்.

அது என்ன வகைச் சுரங்கம்?

பெக்மடைட் பாறையை வெட்டி எடுத்த சுரங்கம். பெக்மடைட்டைப் புரிந்துகொள்ள முதலில் கருங்கல்லைப் பாருங்கள். வீட்டு வாசற்படியில் கிடக்கும் கிரானைட் துண்டை வெயிலில் பிடித்தால் மூன்று பொருள்கள் தெரியும். கண்ணாடி போன்ற சாம்பல் மணிகள் குவார்ட்ஸ். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தட்டைத் தட்டையாக மின்னுவது ஃபெல்ஸ்பார். கறுப்பாகச் செதில் செதிலாகப் பளபளப்பது மைக்கா, நம் கிராமத்துப் பிள்ளைகள் காக்காப்பொன் என்று சொல்வார்களே, அது. கிரானைட்டில் இந்த மணிகள் அரிசி, பயறு அளவில் இருக்கும். பெக்மடைட்டிலும் பெரும்பாலும் இதே மூன்றுதான். ஆனால் ஒவ்வொரு படிகமும் செங்கல் அளவு, ஆட்டுக்கல் அளவு, சில இடங்களில் ஆள் உயரம் வரைகூட வளர்ந்திருக்கும்.

பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகும்போது, எளிதில் படிகமாகும் பொருள்கள் முதலில் பிரிந்துவிடும். கடைசியில் எஞ்சும் கொஞ்சக் குழம்பில் தண்ணீரும் ஃபுளூரின் போன்ற ஆவியாகும் பொருள்களும் மிகுந்திருக்கும். அதனால் அது இளகி ஓடக்கூடியதாக இருக்கும். சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் புகுந்து இறுகும்போது படிகங்கள் விரைவாகப் பெரிதாக வளரும். அந்தக் கடைசிக் குழம்பில் இன்னொன்றும் சேர்ந்திருக்கும். அணுவின் அளவோ மின்சுமையோ பொருந்தாததால் சாதாரணக் கனிமங்கள் தம் படிகக் கூட்டுக்குள் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்கிய தனிமங்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் கடைசிப் பந்திக்குக் கூடுவதைப் போல. சில பெக்மடைட்டுகளில் லித்தியமும் சீசியமும் டான்டலமும் கூடும். வேறு சிலவற்றில் நயோபியமும் இட்ரியமும் ஃபுளூரினும் கூடும். இட்டர்பி இரண்டாவது வகை. அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள்.

அருமண் தனிமங்களுக்காகவா அதைத் தோண்டினார்கள்?

இல்லை. (ஸ்காண்டியம், இட்ரியம், லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையான லாந்தனாய்டுகள் ஆகிய உலோகங்களைத்தான் அருமண் தனிமங்கள் என்கிறோம்.) இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பேர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் குவார்ட்ஸுக்காக வெட்டினார்கள். உப்லாந்து வட்டாரத்து இரும்பாலைகளுக்கு அது தேவைப்பட்டது. அது 1600களின் கதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஃபெல்ஸ்பார்தான் முக்கியச் சரக்கு. பீங்கான் செய்யும்போது களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரை அரைத்துச் சேர்ப்பார்கள். சூளையில் அது உருகி, மற்ற துகள்களைப் பிணைத்து, கோப்பைக்குக் கண்ணாடித்தன்மையையும் மேற்பூச்சுக்குப் பளபளப்பையும் கொடுக்கும். ஸ்வீடனின் புகழ்பெற்ற ரோர்ஸ்ட்ராண்ட் பீங்கான் ஆலைக்கு இங்கிருந்துதான் ஃபெல்ஸ்பார் போயிற்று, வெளிநாடுகளுக்கும் கப்பலேறியது.

ஆக, தொழிலாளி உளியும் சம்மட்டியும் பிடித்து வெட்டியது தேநீர்க் கோப்பைக்கான மூலப்பொருளை. ஃபெல்ஸ்பாரில் கறுப்புக் கல் கலந்தால் பீங்கானில் கறை விழும். ஆகவே கறுப்பாக எது வந்தாலும் பொறுக்கி ஓரமாக எறிந்தார்கள்.

அந்தக் கறுப்புக் கல்லை முதலில் கவனித்தவர் யார்?

கார்ல் ஆக்சல் அரேனியஸ். பீரங்கிப் படையில் லெப்டினன்ட். (மின்பகுளிக் கொள்கையால் நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே அரேனியஸ் வேறு ஆள், அவர் பிறந்ததே 1859இல்.) வெடிமருந்தின் தன்மையை ஆராய்வதற்காக ஸ்டாக்ஹோமில் நாணயச்சாலை ஆய்வகத்தில் வேதியியல் பழகியவர். அங்கே தொற்றிக்கொண்ட கனிம ஆர்வம் அவரை விடவில்லை. 1787இல் வாக்ஸ்ஹோம் கோட்டையில் பணியில் இருந்தபோது பக்கத்துத் தீவின் கல்குவாரிக்குப் போனார். நிலக்கரியைப் போலக் கறுத்த ஒரு கல் கண்ணில் பட்டது. கையில் எடுத்ததும் கனம் வியப்பூட்டியது. டங்ஸ்டன் இருக்குமோ என்று ஐயப்பட்டார். கல்லுக்கு 'இட்டர்பைட்' என்று பெயரிட்டு, அறிந்தவர்களிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே கெய்யர் என்ற கனிமவியலாளர் அதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்.

நிலக்கரி அவ்வளவு கனக்காது. அந்த ஒரு முரண்பாட்டை அலட்சியம் செய்யாமல் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு போனாரே, அதற்காகவே அந்தப் படைவீரரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

காடோலின் யார்? அவர் என்ன கண்டுபிடித்தார்?

யோஹான் காடோலின், ஓபோ நகரப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர். ஓபோ இன்று ஃபின்லாந்தின் துர்க்கு. அப்போது ஸ்வீடன் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அரேனியஸின் கல்லில் ஒரு பகுதி அவரிடம் போய்ச் சேர்ந்தது. அமிலத்தில் கரைத்து, வீழ்படிவாக்கி, வடிகட்டி, சுட்டு, எடை போட்டு, 1794இல் முடிவை வெளியிட்டார். நூறு பங்கு கல்லில் 31 பங்கு சிலிக்கா, 19 பங்கு அலுமினா, 12 பங்கு இரும்பு ஆக்சைடு. மீதி 38 பங்கு, அதுவரை அறிந்திருந்த எந்தப் பொருளோடும் ஒத்துப்போகாத ஒரு 'மண்'. அக்காலத்தில் நீரில் கரையாத, சூட்டுக்கு மாறாத ஆக்சைடுகளை மண் என்றே அழைத்தார்கள். 'அருமண்' என்ற சொல்லில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மண்தான்.

மூன்று ஆண்டு கழித்து உப்சாலாவில் ஏக்கபெரி என்பவர் அதே சோதனையைத் திரும்பச் செய்து, புதிய மண் உண்மையே என்று உறுதிப்படுத்தினார். அதற்கு 'இட்ரியா' என்ற பெயர் நிலைத்தது. (ஆக்சைடுக்கு இட்ரியா, அதிலுள்ள தனிமத்துக்கு இட்ரியம். பின்னால் வரும் எர்பியா, டெர்பியா போன்ற பெயர்களும் இப்படியே.) கல்லுக்குக் காடோலினின் நினைவாகக் காடோலினைட் என்ற பெயர் வந்தது.

காடோலின் கணக்கில் ஒரு பிழை உண்டு, அதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அலுமினா என்று அவர் எழுதிய 19 பங்கு அலுமினா அல்ல, பெரிலியம் ஆக்சைடு. பெரிலியம் என்ற தனிமமே அப்போது உலகுக்குத் தெரியாது. 1798இல் பாரிசில் வோக்லான் பெரில் கல்லிலிருந்து அதைக் கண்டறிந்தார். பிறகு காடோலினைட்டிலும் அது இருப்பது தெரியவந்தது. காடோலின் கையில் ஒரே சமயத்தில் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒன்றைப் பிடித்தார், மற்றொன்று அலுமினியத்தின் சாயலில் இருந்ததால் நழுவிவிட்டது. 1827இல் ஓபோ நகரை அழித்த பெருந்தீயில் அவர் சேர்த்து வைத்திருந்த கனிமங்களும் எரிந்துபோயின.

ஒரே கல்லிலிருந்து இத்தனை தனிமங்கள் எப்படி வந்தன? ஏன் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று?

இந்தப் பக்கத்தின் உயிரான கேள்வி இது.

இட்ரியா ஒரு பொருள் என்று ஐம்பது ஆண்டுகள் நம்பினார்கள். ஸ்டாக்ஹோமில் கார்ல் குஸ்தாஃப் மோசாண்டர் அதை நம்பவில்லை. 1843இல் இட்ரியாவைக் கரைத்து, அம்மோனியாவைச் சிறிது சிறிதாக விட்டுப் படிப்படியாக வீழ்படிவாக்கினார். முதலில் இறங்கியதும் கடைசியில் இறங்கியதும் ஒன்றாக இல்லை. நிறமற்ற இட்ரியா, மஞ்சளாக ஒன்று, ரோஜா நிற உப்புகளைத் தரும் ஒன்று என மூன்றாகப் பிரிந்தது. ஊர்ப் பெயரையே உடைத்து மற்ற இரண்டுக்கும் எர்பியா, டெர்பியா என்று பெயர் வைத்தார்.

அதோடு முடியவில்லை. 1878இல் ஜெனீவாவின் மாரிஞ்ஞாக் எர்பியாவுக்குள்ளிருந்து இட்டர்பியாவைப் பிரித்தார். 1879இல் உப்சாலாவில் நில்சன் அந்த இட்டர்பியாவுக்குள் ஸ்காண்டியத்தைக் கண்டார். அதே ஆண்டில், அதே ஊரில், கிளேவே எஞ்சிய எர்பியாவிலிருந்து ஹோல்மியத்தையும் தூலியத்தையும் வெளியே எடுத்தார். 1886இல் பாரிசின் லகோக் த புவபோதிரான் ஹோல்மியாவுக்குள் ஒளிந்திருந்த டிஸ்ப்ரோசியத்தை எட்டினார். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு 'அணுகுதற்கு அரியது' என்று பொருள். 1907இல் இட்டர்பியாவும் இரண்டாகப் பிளந்து லுட்டீசியம் வந்தது. வெங்காயத்தை உரிப்பது போல, உரித்ததற்குள் இன்னொரு தோல்.

இவ்வளவு கடினமாக இருந்ததற்குக் காரணம் அணுவின் அமைப்பிலேயே இருக்கிறது. லாந்தனாய்டுகளில் ஒவ்வொரு தனிமத்துக்கும் கூடும் எலக்ட்ரான் உள்ளே இருக்கும் 4 எஃப் கூட்டில் போய் அமர்கிறது. வெளியே வேதிவினை செய்யும் எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. எல்லாமே பெரும்பாலும் மூன்று நேர்மின் சுமையோடு வரும். அயனியின் ஆரம் மட்டும் இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். இட்ரியம் லாந்தனாய்டு அல்ல, ஆனால் அந்தச் சுருக்கத்தால் அதன் அயனி ஹோல்மியம் அயனியின் அளவில் வந்து நிற்கிறது. இயற்கை அவற்றை ஒரே படிகத்தில் ஒன்றாக அடுக்கிவைத்ததற்கும், வேதியியலாளரால் பிரிக்க முடியாமல் போனதற்கும் அது ஒன்றே காரணம்.

பிரிக்கும் வழி என்று இருந்தது பின்னப் படிகமாக்கல். உப்பைக் கரைத்துப் பாதியைப் படிகமாக்கி, படிகத்தையும் மிச்சக் கரைசலையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி கரைத்துப் படிகமாக்கி, இப்படியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் தூய தூலியத்தைப் பெற ஏறத்தாழ 15,000 முறை இப்படிப் படிகமாக்கினார். அந்த எண்ணை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குப் பிறகு அயனிப் பரிமாற்ற முறை வந்தபின்தான் இந்த வேலை சில நாள் வேலையாகச் சுருங்கியது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மொத்தம் எத்தனை தனிமங்கள் இருக்க வேண்டும் என்பதே எவருக்கும் தெரியாது. கலவைகளையே புதுத் தனிமம் என்று அறிவித்துப் பின்வாங்கியவர்கள் ஏராளம். ஒளியைத் தனித்தனி நிறக்கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வந்தது பெரிய துணை. மாரிஞ்ஞாக் முதலானவர்கள் கோடுகளைப் பார்த்தே தூய்மையை முடிவு செய்தார்கள். 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி எக்ஸ் கதிர் நிறமாலையைக் கொண்டு அணு எண்ணை அளந்து காட்டியபோதுதான் அந்த வரிசையில் எத்தனை இருக்கைகள் என்பது தெளிவாயிற்று.

சரியாக எத்தனை தனிமங்கள் இட்டர்பியிலிருந்து வந்தவை? ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்களே?

எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊரின் பெயரைத் தாங்கியவை நான்கு: இட்ரியம், டெர்பியம், எர்பியம், இட்டர்பியம். இட்டர்பிக் கனிமங்களை ஆராய்ந்த வழியில் வந்தவை ஹோல்மியம், தூலியம், ஸ்காண்டியம். முதல் பெயர் ஸ்டாக்ஹோமின் லத்தீன் பெயரிலிருந்தும், இரண்டாவது வடகோடி நிலத்தின் பழம்பெயரான தூலேயிலிருந்தும், மூன்றாவது ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்தவை. காடோலினியத்தின் பெயர் இட்டர்பியின் கல்லான காடோலினைட்டைப் பின்பற்றியது. எனினும் மாரிஞ்ஞாக் 1880இல் அதைக் கண்டது சமர்ஸ்கைட் என்ற வேறு கனிமத்தில். டிஸ்ப்ரோசியமும் லுட்டீசியமும் அதே இட்ரியாவின் வாரிசுகள். தேர்வில் கேட்டால் நான்கு என்று எழுதுங்கள். யாராவது ஏழு, எட்டு என்று சொன்னாலும் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

ஸ்காண்டியத்துக்கு மட்டும் ஏன் தனி மதிப்பு?

1871இல் மெண்டலீவ் தன் தனிம அட்டவணையில் கால்சியத்துக்கும் டைட்டானியத்துக்கும் நடுவே ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, 'ஏக-போரான்' என்று பெயரிட்டு, அணு எடை ஏறக்குறைய 44 இருக்கும் என்று எழுதியிருந்தார். 'ஏக' என்பது நாம் அறிந்த ஏகம்தான். ஒன்று என்ற சமஸ்கிருத எண். நில்சன் கண்டெடுத்த தனிமம் அந்த இடத்தில் அப்படியே பொருந்தியது. அதைச் சுட்டிக் காட்டியவர் கிளேவே.

எர்பியமும் டெர்பியமும் பெயர் மாறிக்கொண்டது உண்மையா?

உண்மை. மோசாண்டர் ரோஜா நிறத்ததை டெர்பியா என்றார், மஞ்சளை எர்பியா என்றார். 1860களில் மற்றவர்கள் சோதனையைத் திரும்பச் செய்தபோது குழப்பம் வந்து, பெயர்கள் இடம் மாறி, அப்படியே நிலைத்துவிட்டன. இன்று இளஞ்சிவப்பு உப்பு தருவது எர்பியம்.

டான்டலமும் அங்கிருந்து வந்ததா?

பாதி. ஏக்கபெரி 1802இல் இட்டர்பியின் இட்ரோடான்டலைட்டையும் ஃபின்லாந்தின் கிமிட்டோவிலிருந்து வந்த இன்னொரு கனிமத்தையும் ஆராய்ந்து, இரண்டிலும் ஒரே புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். அதன் ஆக்சைடு அமிலத்துக்குள் எவ்வளவு நேரம் கிடந்தாலும் அமிலத்தை ஏற்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றும் ஒரு வாய் குடிக்க முடியாதபடி தண்டிக்கப்பட்ட கிரேக்கக் கதையின் டான்டலஸ் நினைவுக்கு வந்து, அந்தப் பெயரையே வைத்தார். ஏக்கபெரிக்குச் சிறு வயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. குடுவை வெடித்ததில் ஒரு கண் பார்வையும் போயிற்று. அந்த நிலையில் செய்த வேலை இது.

காடோலினைட் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

கனிமம் சேகரிக்கும் நண்பர் ஒருவரிடம் நார்வேயிலிருந்து வந்த துண்டு ஒன்று இருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவுதான். ஒரு முறை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். அதே அளவு வெங்கச்சங்கல்லை, அதாவது குவார்ட்ஸை, மறு கையில் வைத்துக்கொண்டேன். வேறுபாடு உடனே தெரிந்தது. குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், காடோலினைட் 4க்கு மேல். நிறம் தாரைப் போன்ற கறுப்பு. உடைந்த பக்கம் சோடா பாட்டில் உடைந்தது போல வளைந்து வளைந்து பளபளத்தது. ஓரத்தில் காகிதம் போல மெலிந்த ஒரு விளிம்பு இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். கறுப்பென்று நினைத்திருந்த கல் அந்த விளிம்பில் மட்டும் ஆழ்ந்த பச்சையாக ஒளிர்ந்தது. பாசி படிந்த குளத்தின் அடியிலிருந்து வெயிலைப் பார்க்கும் பச்சை.

இதில் பெரும்பாலும் சிறிதளவு தோரியமும் யுரேனியமும் கலந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை வெளியிடும் கதிர்கள் படிகத்தின் ஒழுங்கை உள்ளிருந்தே குலைத்துவிடுவதால் பல காடோலினைட் துண்டுகள் கண்ணாடி போல ஒழுங்கற்றவை. அப்படிப்பட்டதைச் சூடாக்கினால் திடீரென்று தானாகவே ஒளிர்ந்து, மறுபடி படிக ஒழுங்குக்குத் திரும்பும். அடைத்து வைத்த ஆற்றல் ஒரே மூச்சில் வெளிவருகிறது. கையில் எடுத்துப் பார்ப்பதால் தீங்கில்லை. உடைத்துத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. உள்ளே பெரிலியமும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பார்த்தபின் கையைக் கழுவுங்கள்.

இட்டர்பியில் வேறு என்ன கனிமங்கள்?

பெருமளவில் இருந்தது சிவந்த மைக்ரோக்ளின் ஃபெல்ஸ்பாரும், வெளிர்நிறப் பிளாஜியோகிளேஸும், குவார்ட்ஸும், பெரிய தகடுகளாக வளர்ந்த கறுப்பு மைக்காவும். அவற்றுக்கிடையே அங்கங்கே ஃபெர்குசனைட், இட்ரோடான்டலைட், செனோடைம், அலனைட். பின்னவை எல்லாம் கைப்பிடி கைப்பிடியாக மட்டுமே கிடைத்தவை.

அப்படியானால் அருமண் விற்று யாரும் பணக்காரர் ஆகவில்லையா?

இல்லை. இட்டர்பியின் அருமண் கனிமங்கள் ஆய்வகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போதுமான அளவே இருந்தன. தொழிற்சாலைக்குப் போதாது.

சுரங்கம் எப்போது மூடப்பட்டது? பிறகு என்ன ஆயிற்று?

1933இல் வெட்டுவது நின்றது. அதற்குள் ஏறக்குறைய 170 மீட்டர் ஆழம் போயிருந்தது. மேலிருந்து பார்க்கும் பள்ளம் சிறிதாகத் தெரிந்தாலும் அதற்குக் கீழே பெரிய குடைவு இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் ஸ்வீடன் அரசு அந்தக் குடைவை எரிபொருள் கிடங்காக்கியது. போர் விமானங்களுக்கான எரிபொருளை அங்கே சேமித்தார்கள், பின்னர் டீசலையும். தனிம அட்டவணையின் புனிதத் தலம் ஒன்று எண்ணெய்த் தொட்டியாக இருந்தது என்று அறிந்தபோது எனக்கு மனம் வலித்தது. போர் அச்சம் நிலவிய காலத்தில் ஒரு நாடு கையில் இருந்த ஆழ்குழியைப் பயன்படுத்திக்கொண்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 1990களில் அந்தப் பயன்பாடும் முடிந்தது.

சுரங்கத்துக்குள் நுண்ணுயிர்கள் அருமண்ணைச் சேர்க்கின்றன என்கிறார்களே?

ஆம். சுரங்கத்தோடு இணைந்த சுரங்கப்பாதை ஒன்றின் சுவரில், பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் கசியும் இடத்தில், கறுப்பாகக் களி போன்ற படிவு வடிந்திருப்பதை ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அது மாங்கனீசு ஆக்சைடு. அங்கே வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு உருவாகிறது. தண்ணீரில் மிக நுண்ணிய அளவில் கரைந்து வரும் இட்ரியத்தையும் மற்ற அருமண் தனிமங்களையும் அந்தப் படிவு பற்றிப் பிடித்துச் செறிவாக்குகிறது. வேதியியலாளர்கள் 15,000 முறை படிகமாக்கிச் செய்த வேலைக்கு இது ஈடல்ல. தனிமங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதில்லை, மொத்தமாகத் திரட்டுகிறது. என்றாலும் கவனிக்க வேண்டிய வேலை.

இப்போது போய்ப் பார்க்கலாமா? ஒரு கல் எடுத்து வரலாமா?

பார்க்கலாம். குடியிருப்புப் பகுதியின் நடுவே, மரங்கள் சூழ்ந்த சிறு பாறைமேடு. சுற்றுவட்டத் தெருக்களுக்குச் சுரங்கத்தையும் கனிமங்களையும் தனிமங்களையும் வைத்தே பெயர்கள். டான்டலம் தெரு, இட்ரியம் தெரு என்று வீட்டு முகவரி எழுதுகிறார்கள். 1989இல் அமெரிக்க உலோகவியல் சங்கமான ஏ.எஸ்.எம். இன்டர்நேஷனல் அங்கே வரலாற்றுச் சின்னமாக ஒரு பலகை பதித்தது. சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. கல் எடுக்கவும் தடை இருக்கிறது, தயவுசெய்து எடுக்காதீர்கள். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால் அடுத்த தலைமுறை மாணவன் வெறும் புல்லைத்தான் பார்ப்பான்.

இந்தத் தனிமங்கள் நம் அன்றாட வாழ்வில் எங்கே இருக்கின்றன?

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் சிவப்பு நிறத்தைக் கொடுத்தது யூரோப்பியம் சேர்த்த இட்ரியம் சேர்மம். வெள்ளை எல்.இ.டி. விளக்கில் மஞ்சள் பூச்சாகத் தெரிவதும் பெரும்பாலும் இட்ரியம் உள்ள பொருளே. நீங்கள் இதைப் படிக்கும்போது தகவல் கண்ணாடி இழை வழியாகக் கடல் கடந்து வந்திருந்தால், வழியில் மங்கிய ஒளியைப் பெருக்கிக் கொடுத்தது எர்பியம். சிறுநீரகக் கல்லை உடைக்கும் லேசரில் ஹோல்மியம். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் நரம்பில் ஏற்றும் மருந்தில் காடோலினியம். மின்வாகன மோட்டாரின் காந்தம் சூட்டிலும் வலு இழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம். கைபேசிக்குள் இருக்கும் சிறு மின்தேக்கிகளில் டான்டலம். 1987இல் திரவ நைட்ரஜன் குளிரிலேயே மின்தடை இழந்து உலகை வியக்கவைத்த மீக்கடத்தியும் இட்ரியம், பேரியம், செம்பு கலந்த ஆக்சைடுதான்.

'அருமண்' என்றால் மிகவும் அரிதானதா?

பெயர்தான் அப்படி. பூமியின் மேலோட்டில் ஈயத்தைவிட இட்ரியம் அதிகம். வெட்டி எடுக்கத் தகுந்த அளவில் ஓரிடத்தில் குவிந்திருப்பதும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதும்தான் அரிது.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடம் உண்டா?

பெக்மடைட் நிறைய உண்டு. நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் வெட்டுகிறார்கள். காங்கேயம் வட்டாரத்து பெக்மடைட்டுகளில் கடல்நீல நிறப் பெரில் கிடைத்தது. படியூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்காகச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். அதற்கும் வெகு காலம் முன்பே அதே கொங்கு நாட்டில், கொடுமணலில், பெரிலையும் குவார்ட்ஸையும் மணிகளாகப் பட்டை தீட்டியதை அகழாய்வுகள் காட்டியிருக்கின்றன. ரோமானியர் விரும்பி வாங்கிய கற்களில் பெரிலும் ஒன்று.

இதில் எனக்குப் பிடித்த ஓர் இணைப்பு இருக்கிறது. காடோலினின் கையிலிருந்து நழுவிய பெரிலியத்தின் பெயர் பெரில் என்ற கல்லிலிருந்து வந்தது. பெரில் கிரேக்கத்தின் 'பெரிலோஸ்'. அது 'வேளுரிய' என்ற பிராகிருதச் சொல்லின் திரிபு. நம் வைடூரியம் என்ற சொல்லும் அதே குடும்பம். ஆக, ஸ்வீடன் கல்லில் ஒளிந்திருந்த தனிமத்துக்கு வாய்த்தது நம் பக்கத்துச் சொல்.

அருமண் என்று கேட்டால், நம்மிடம் அது பாறையில் அல்ல, கடற்கரை மணலில். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். இன்று அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இயங்குகிறது. மோனசைட்டில் அதிகம் இருப்பது சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற இலகு வகை. இட்ரியமும் டிஸ்ப்ரோசியமும் சொற்பம். இட்டர்பியின் காடோலினைட் கனத்த வகை மிகுந்தது.

இட்டர்பியை மறுபடி திறப்பார்களா?

வாய்ப்பில்லை. அளவு போதாது, மேலே வீடுகள். ஸ்வீடனின் அருமண் எதிர்பார்ப்பு இப்போது வடக்கே கிருணாவில் இருக்கிறது. 2023 ஜனவரியில் அரசு நிறுவனமான எல்.கே.ஏ.பி. அங்கே பெரிய இருப்பு ஒன்றை அறிவித்தது.

ஆசிரியராக இதை வகுப்பில் எப்படிக் காட்டலாம்?

காடோலினைட் தேவையில்லை. ஃபெல்ஸ்பார், வெங்கச்சங்கல், மைக்கா மூன்றிலும் ஒவ்வொரு துண்டு போதும். குவாரி இருக்கும் ஊரில் சாலையோரமே கிடைக்கும். அவற்றோடு காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது ஒன்றையும் சேர்த்து, நான்கையும் துணிப்பையில் போட்டு, கண்ணால் பார்க்காமல் கையால் மட்டும் எடுத்துக் கனத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு தராசும், தண்ணீர் ஊற்றிய அளவுசாடியும். கல்லை எடை போட்டு, நூலில் கட்டி நீரில் இறக்கி, உயர்ந்த நீரின் அளவைக் குறித்து வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். மூன்று கற்களுக்கு 2.6, 2.7, 2.9 என்று வரும். நான்காவதற்கு மாணவர் கணக்கு தப்பிவிட்டதென்று மறுபடி எடை போடுவார். மறுபடியும் 5 வரும். அப்போது அவரிடம் அரேனியஸின் பெயரைச் சொல்லுங்கள்.